எழுபது மைல் ஊசி

மோட்டார் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து ஜீவகுமார் நயினாருக்கு உலகத்தில் இரண்டே பயம். ஒன்று, பொழுது சாய்வதற்குள் வீடு சேராமல் போய்விடுவோமோ என்பது. சமணக் குடும்பம், சூரியன் இறங்கிவிட்டால் மறுநாள் காலை வரை ஒரு பருக்கை கிடையாது. இரண்டாவது, பின்சீட்டில் மனைவி உட்கார்ந்து வருவதை அவர் கடை இருக்கும் ராஜவீதி பார்த்துவிடுமோ என்பது.

முதல் பயத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதில் என்ன இருக்கிறது? வண்டி வாங்குவதற்கு அவள் வளையலைக் கழற்றி வாங்கிக்கொண்டபோது வெட்கம் வரவில்லை. அவளை ஏற்றிக்கொள்வதற்கு மட்டும் வந்துவிட்டதாம்! ஆனால் இதையெல்லாம் எந்தக் கணவர் வாய்விட்டுச் சொல்வார்? பாத்திரக் கடை ஜீவகுமாரும் சொல்லவில்லை. விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தார்.

"ஏங்க, கல்யாணமாகி நாலு வருஷமாச்சு," என்றாள் குணமாலா. "திருமுக்கூடல்ல மூணு ஆறு கூடற எடத்தக் காட்டறேன்னு சொல்லிக்கினே இருக்கீங்க."

"காட்டமாட்டேன்னா சொன்னேன்? வண்டி கேலனுக்கு அம்பது மைல்தான் குடுக்குது. நீயும் ஏறினா பின்னால வெயிட்டு ஜாஸ்தி. மைலேஜ் படுத்துக்கும்."

"நான் இன்னா அரிசி மூட்டையா?"

"சயின்ஸும்மா. சயின்ஸு ஆளப் பாத்துப் பேசாது."

"அப்ப எத்தினி மைல் குடுத்தா உங்க சயின்ஸு என்னை ஏத்திக்கும்?"

இந்த இடத்தில் ஜீவகுமார் வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஓசிப் பத்திரிகை படிக்கச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த கணக்கு வாத்தியார் சடகோபன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கேட்க ஒரு ஆள் இருந்தால் ஜீவகுமாருக்கு மார்பு தானாக அகலமாகிவிடும்.

"எழுபது! எழுபது மைல் குடுத்த மறுநாளே திருமுக்கூடல். ஒரே மாசம். கார்புரேட்டர நானே டியூன் பண்றேன்!"

"நான் சாட்சி, ஓய்," என்றார் சடகோபன், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

கார்புரேட்டர் பற்றி ஜீவகுமாருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதற்குள் ஒரு ஊசி தொங்குகிறது. ஊசியின் தலையில் ஐந்து பள்ளம். அவற்றில் ஒன்றில் ஒரு சின்னக் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை மாற்றி ஊசியைக் கீழே இறக்கினால் பெட்ரோல் சிக்கனமாகப் போகும். மேலே ஏற்றினால் தாராளமாகப் போகும். மற்றதெல்லாம் வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்தது. மெட்ரிகுலேஷன் தேறிய குணமாலா அதை அடுப்பங்கரை அலமாரியில் வைத்துக்கொண்டு அவ்வப்போது புரட்டினாள். படம் பார்க்கிறாள் என்று அவர் நினைத்தார்.

சனிக்கிழமைதோறும் பரீட்சை. டேங்கைக் காலி செய்து, சரியாக ஒரு கேலன் ஊற்றி, வாலாஜாபாத் வரை மைல்கல் எண்ணிக்கொண்டு போய்வந்து, மிச்சத்தைக் குச்சி விட்டு அளப்பார். முதல் சனிக்கிழமை நேர்மையாகவே ஊசியை ஒரு பள்ளம் இறக்கினார். ஐம்பத்தாறு.

"பலே!" என்றார் சடகோபன்.

அந்தப் பாராட்டு தொண்டைக்குள் இறங்கும்போதே ஜீவகுமாருக்குச் சுருக்கென்றது. இன்னும் பதினாலு மைல் ஏறினால் ராஜவீதி! பூக்கடை, வெற்றிலைக் கடை, எதிர்க்கடைச் செட்டியார், அத்தனை பேரும் சிரிப்பார்கள். யாரும் பார்க்காமல் ஊசியை இரண்டு பள்ளம் மேலே ஏற்றினார். குடிக்கட்டும்! வயிறு முட்டக் குடிக்கட்டும்!

அடுத்த சனிக்கிழமை அறுபத்துமூன்று.

குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். அறுபத்துமூன்றேதான். ஊசியை ஏற முடிந்த மட்டும் ஏற்றினார். அதற்கடுத்த சனிக்கிழமை அறுபத்தெட்டு!

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். ஊசி மேல ஏறினா பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கணுமில்ல?"

"ஆமாம்."

"கம்மியா குடிக்குதே!"

"அப்போ நீர் மேலேன்னு நினைக்கிறது கீழேயோ என்னவோ, ஓய்."

அன்று முழுக்க ஜீவகுமார் கடையில் ஒரு குடத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் எது, கீழ் எது? கடைசியில் வாத்தியார் சொன்னதே சரி என்று முடிவு கட்டி, ஊசியை அடிமட்டம் வரை இறக்கினார்.

எழுபத்தொன்று.

"ஜெயிச்சுட்டேர், ஓய்!" என்று கட்டிக்கொண்டார் சடகோபன். தோற்றவனைத் துக்கம் விசாரிப்பது போல இருந்தது ஜீவகுமாருக்கு.

"நாளைக்குப் போலாங்களா?" என்றாள் குணமாலா.

நாளை என்றால் நாளைதான். மதியம் உச்சி வெயிலில் கிளம்பினால் ராஜவீதியில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டார். அது போதாதென்று இன்னொரு காரியமும் செய்தார். தறிக்காரத் தெருவில் நடந்தால் காலில் ஒட்டிக்கொண்டு வரும் கழிவு நூலில் ஒரு சிட்டிகை மடியில் முடிந்துவைத்திருந்தார். குணமாலா குடிதண்ணீரை வடிகட்டுவது போலவே பெட்ரோலையும் இரண்டாக மடித்த துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவர் அந்த நூலை டேங்குக்குள் போட்டார். தெருமுனை தாண்டுவதற்குள் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். பயணம் ரத்து. மரியாதை பத்திரம்.

வண்டி தெருமுனையைத் தாண்டியது. ஒரு நாய் மட்டும் படுத்திருந்த ராஜவீதியைத் தாண்டியது. வாலாஜாபாத்தையும் தாண்டியது. 'ஏன் நிற்கமாட்டேன் என்கிறது?' என்று வழி முழுக்கக் குழம்பியபடியே ஜீவகுமார் ஓட்டினார். திருமுக்கூடலில் மணலில் கால் புதைய நடந்து மூன்று ஆறுகளையும் குணமாலா பார்த்தாள். ஜீவகுமார் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது, வீட்டுக்கு இன்னும் ஆறு மைல் இருக்கையில், டேங்கில் பெட்ரோல் குறைந்து அடிக்கசடு புறப்படும் நேரத்தில், வண்டி இருமியது. விக்கியது. நின்றது.

மேற்கே சூரியன் பனைமரத் தலைக்கு இறங்கியிருந்தது. வீட்டில் மிளகும் சுக்கும் தட்டிப் போட்ட இட்லி, மந்தாரை இலையில் காத்திருந்தது. ஜீவகுமார் கிக்கரை உதைத்தார், உதைத்தார், உதைத்தார்.

"தள்ளுங்க," என்றாள் குணமாலா.

"தள்ளினா ஆறு மைல் ஆவுமே!"

"வண்டிய இல்லைங்க. நீங்க தள்ளுங்க."

பெட்ரோல் குழாயை மூடினாள். கருவிப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தாள். கார்புரேட்டரின் அடியிலிருந்து, நடுவில் மயிரிழை ஓட்டையுள்ள குண்டுமணி அளவு பித்தளைத் துண்டு ஒன்றைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.

"குத்தி எடுக்க ஊசி வேணுமா? சட்டையில குத்தி வெச்சிருக்கேன்," என்றார்.

"ஊசி விட்டா ஓட்டை பெருசாப் பூடும். வாயாலதான் ஊதணும். புஸ்தகத்துல பதினோராம் பக்கம்." ஊதினாள். நகத்தால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். மாம்பழ நிறத்தில் வந்தது ஒரு இழை.

"பட்டு நூலு," என்றாள்.

ஜீவகுமார் பனைமரத்தைப் பார்த்தார்.

"புழுவக் கொன்னு எடுக்கறதுன்னு நம்ம வீட்டுல யாரும் பட்டே கட்டறதில்ல. வண்டிக்கு மட்டும் எப்ப எடுத்துக் குடுத்தீங்க?"

"காத்துல... பறந்து வந்து..."

"ஊசி மேல ஏறினதும் காத்துலதானா? நீங்க ஏத்தி வெச்ச ஊசிய வாரா வாரம் நான் எறக்கி வெச்சேன். கடைசியா நீங்களே அடிமட்டத்துக்கு எறக்கினீங்க. அப்பிடியே ஓட்டினா எஞ்சினு கொதிச்சுப் பூடும். ஒரு பள்ளம் நான்தான் ஏத்தினேன்."

ஜீவகுமாருக்கு ஒரு மாதத்து மேலும் கீழும் தலைக்குள் ஒன்றோடொன்று மோதின. "நல்லா ஓடுதா இல்லியான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஓட்டிப் பாத்தேன். வேகவதி ஆத்து மணல்ல. மதியம் நீங்க தூங்கறப்ப."

"சத்தம் கேக்கலியே!"

"உங்க கொறட்டைய மீறி வண்டி சத்தம் எங்கங்க கேக்கும்?"

பித்தளைத் துண்டை மாட்டினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே உதை. வண்டி உறுமியது. சூரியன் பனைமரத்தின் கழுத்துக்கு வந்திருந்தது.

"எறங்கு, நான் ஓட்டறேன்."

"நீங்க ஓட்டினா மாட்டு வண்டி நம்மளத் தாண்டிப் போவும். ராத்திரி பட்டினியா, பின்னால ஏர்றீங்களா? சீக்கிரம் சொல்லுங்க."

மானம் ஒரு பக்கம், இட்லி ஒரு பக்கம். பின்சீட்டில் ஏறினார்.

ராஜவீதிக்குள் அவர்கள் நுழைந்தபோது கோபுரத் தலையில் வெயில் மிச்சமிருந்தது. இட்லிக்கு நேரமிருந்தது. ஆனால் மதியத்து நாய் ஒன்று இருந்த இடத்தில் இப்போது ஊரே இருந்தது. பூக்கடையில் தொடுத்த கை நின்றது. எதிர்க்கடைச் செட்டியார் மடித்துக்கொண்டிருந்த வெற்றிலை மடிந்தபடியே நின்றது. ஜீவகுமார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மூடினால் மட்டும் தெரியாதா?

"ஓய் ஜீவகுமார்!" சைக்கிளிலிருந்து குதித்துச் சடகோபன் கத்தினார். "இன்னிக்கு மைலேஜ் எவ்வளவு, ஓய்?"

துண்டுக்குள்ளிருந்து பதில் வருவதற்குள் குணமாலா வேகத்தைக் குறைத்து, திரும்பாமலே சொன்னாள்:

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மிதான் சார். பின்னால வெயிட்டு ஜாஸ்தி!"