செவலைக்கு வைத்த ஈரல்

ஒரு காட்டில் நடந்த கதை இது. காடு என்றால் இப்போது காடில்லை. வெட்டி, மனை பிரித்து, வாசலில் வளைவு கட்டி ‘சந்தனவனம் அவென்யூ’ என்று எழுதிவிட்டார்கள். மரங்கள் போய்விட்டன. மிருகங்களுக்குப் போக்கிடம் இல்லை. அதனால் அங்கேயே தங்கி, ஊரார் எல்லாரும் செய்வதைப் போல ஒரு குடியிருப்போர் நலச் சங்கமும் அதற்கு ஒரு வாட்ஸப் குழுவும் ஆரம்பித்துக்கொண்டன.

சங்கத் தலைவர் ஒரு சாம்பல் நிற மயிலை எருது. சின்ன வயதிலேயே காயடிக்கப்பட்டவர். யாரையும் முட்டமாட்டார், எதற்கும் பதறமாட்டார். அந்த நிதானத்துக்காகத்தான் தலைவராக்கினார்கள். செயலாளர் ஒரு முட்டைக்கோழி. கூண்டில் டியூப்லைட்டை அணைக்காமல் வைத்திருப்பதால் இன்னும் பொழுது சாயவில்லை என்று நம்பி, விடாமல் முட்டை போடுகிறவள். ஆனால் கூட்டத்தில் குரல் எல்லாம் ஆண் நாய்களுடையது. அவற்றுக்குத் தலைவன் சூரப்பன். தன் பாட்டன் சுத்தமான கோம்பை இனம் என்று யாரும் கேட்காமலே சொல்பவன்.

இந்த நாய்களிடம் ஒரு பழக்கம். குப்பைத்தொட்டி ஓரம் எலும்போ சோறோ விழுந்தால் ஆண்கள் முதலில் தின்பார்கள். பெண்கள் தள்ளி நிற்க வேண்டும், மிஞ்சினால் தின்னலாம். ஏன் என்று கேட்டால் “அது நம்ம மரபு” என்பார்கள். மிஞ்சாத நாளில் மட்டும் மரபைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், வாய் நிறைய எலும்பு இருக்கும்.

ஐப்பசி பிறந்ததும் சங்கத்துக்குக் கவலை வந்துவிட்டது. மார்கழியில் பெண் நாய்க்குப் பருவம் வரும். ஆண் நாய்கள் கூட்டமாய்ப் பின்னால் அலையும், ஒன்றையொன்று கடிக்கும், ஸ்கூட்டர் சீட்டைக் கிழிக்கும். எனவே கூட்டம் கூடியது.

“என்ன பிரச்சினை?” என்றது எருது.

“மார்கழி வந்தா ஆம்பள நாய்ங்க சண்டை தாங்கல தலைவரே,” என்றாள் கோழி.

“அப்ப செவலைக்கு ஊசி போட்டுரலாம்.”

செவலை என்பவள் அந்தத் தெருவில் வளர்ந்த சிவப்பு நிறப் பெண் நாய். வயது சின்னது, வாய் பெரியது. எழுந்து நின்றாள்.

“தலைவரே, சண்டை போடறது யாரு?”

“ஆம்பள நாய்ங்கம்மா.”

“கடிக்கிறது?”

“அவங்கதான்.”

“சீட்டைக் கிழிச்சது?”

“அவங்கதாம்மா, அதான் சொல்றேன்ல.”

“ஊசி?”

“உனக்கு.”

சபையில் யாருக்கும் இதில் விடுபட்ட இடம் எதுவும் தெரியவில்லை.

மருத்துவர் கொக்கு விளக்கம் சொல்ல வந்தது. நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட படிப்பு. “பயப்படாதேம்மா. இதுல இருக்கிறது சினைக்காலத்துல உடம்பு தானா சுரக்கிற ஹார்மோன் மாதிரிதான். உள்ளே போனதும் உன் மூளை, ‘நான் ஏற்கெனவே சினையா இருக்கேன்’னு நினைச்சுக்கும். அப்புறம் பருவத்துக்கே வராது. மூளையை ஏமாத்தற வேலை, அவ்வளவுதான்.”

“ஏமாத்தறதுன்னா, இவங்க மூளையை ஏமாத்தறது இன்னும் சுலபமாச்சே டாக்டர்?” என்று சூரப்பன் பக்கம் கையைக் காட்டினாள் செவலை. “ஆம்பளைங்களுக்கு மருந்தே இல்லையா?”

“இருக்கு. தோலுக்கடியில அரிசி மாதிரி ஒண்ணை வெச்சா போதும். மாசக்கணக்கில் அடங்கிக் கிடப்பாங்க.” கொக்கு குரலைத் தாழ்த்தியது. “ஆனா கொஞ்சம் எடை போடும். முடி பளபளப்பு மாறலாம்.”

“முடியா?” என்று சூரப்பன் எழுந்தான். அவன் பின்னால் எல்லா ஆண்களும் எழுந்தார்கள். “இது எங்க மானப் பிரச்சினை. கோம்பைப் பரம்பரையில எவனும் மருந்து வெச்சுக்கிட்டதில்ல.”

“எங்க அக்கா புள்ளிச்சிக்குப் போன வருஷம் இதே மருந்தைத்தான் போட்டீங்க,” என்றாள் செவலை. “கருப்பையில சீழ் கட்டிச் செத்தா. அப்ப யாரோட மானம் போச்சு?”

“அது அபூர்வமா வர்றதும்மா,” என்றது கொக்கு.

“செத்தவளுக்கு அது முழுசாத்தான் வந்துச்சு டாக்டர்.”

“விதி,” என்றது எருது, கண்ணை மூடிக்கொண்டு.

செவலை விடவில்லை. “சரி, தலைவரையே எடுத்துக்குங்க. காயடிச்சதாலதான இவ்வளவு நிதானம்? இந்த நிதானத்துக்குத்தான தலைவர் பதவி கொடுத்தீங்க? ஆம்பளைங்க எல்லாரும் இப்படி ஆனா, தெருவுக்குத் தெரு ஒரு தலைவர் கிடைப்பாரே.”

எருது முதல்முறையாகக் கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு இந்தக் கருத்தைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று கோழியிடம் சொன்னது. ஓட்டெடுப்பு நடந்தது. கோழியும் ஊசிக்குத்தான் கையைத் தூக்கினாள். “நான் போடாத முட்டையா? பொம்பளைன்னா கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும்,” என்றாள். செவலை ஒற்றை ஓட்டில் தோற்கவில்லை, ஒற்றை ஓட்டுடன் தோற்றாள்.

“ஊசின்னா இவ கையில சிக்கமாட்டா,” என்றது கொக்கு. “மாத்திரையாவே இருக்கு. ஆட்டு ஈரலுக்குள்ள வெச்சு தினம் காலையில தொட்டிக்கிட்ட போட்டுருவோம். தின்னுருவா.”

இதை அவள் முன்னாலேயே சொன்னார்கள். அவள் பேசினாள் என்பதை எல்லாரும் கவனித்திருந்தார்கள். அவளுக்குக் காதும் இருக்கும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஈரல் வந்தது. வாசனை தெருமுனை வரை அடித்தது. செவலை பக்கத்தில் வந்தாள், முகர்ந்தாள், வாயில் எச்சில் ஊறியது. புள்ளிச்சி சாகும்போது வயிறு உப்பித் தண்ணீர் தண்ணீர் என்று நக்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. இரண்டடி பின்னால் போய், தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க சாப்பிடுங்கண்ணே. ஆம்பளைங்க முன்னாடி நான் எப்படி?”

சூரப்பன் மற்ற ஆண்கள் பக்கம் திரும்பினான். “பாத்தீங்களாடா? நேத்து அவ்வளவு பேசினவ. எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கறா. இதுதான் பொண்ணுக்கு அழகு.” இப்படிப் பாராட்டிவிட்டு ஈரலை விழுங்கினான். உள்ளே என்ன இருக்கிறது என்ற நினைப்பு வரவில்லை. வந்திருந்தாலும் என்ன? மாத்திரை பெண் நாய்க்கானது, அது ஆண் வயிற்றில் எப்படி வேலை செய்யும்?

தினமும் இதே கதை. செவலை தலை குனிவாள், ஆண்கள் தின்பார்கள், அவள் டீக்கடை வாசலில் காய்ந்த பன்னை மென்றுகொண்டு படுப்பாள். மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கக் கொக்கு அவ்வப்போது வந்து பேச்சுக் கொடுக்கும். செவலை வாதம் செய்வாள். “இன்னும் அடங்கல, டோஸைக் கூட்டுங்க,” என்று கொக்கு எழுதிக் கொடுக்கும். ஒரு துண்டு ஈரல் ஒரு தட்டு ஈரலானது. எல்லா ஆண்களுக்கும் பங்கு கிடைத்தது. மரபு அவ்வளவு செழிப்பாக நடந்ததே இல்லை.

மார்கழி வந்தது. செவலைக்குப் பருவமும் வந்தது.

பட்டப்பகலில் பிரதான சாலையில் நடந்து போனாள். பின்னால் ஒருவரும் வரவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தாள், பழக்கதோஷம். ஆண் நாய்கள் மணல்மேட்டில் ஆட்டுக்கல் மாதிரி கிடந்தன. சூரப்பன் ஒரு கண்ணைத் திறந்து, “செவலையா? போம்மா, போ. வெயில்ல அலையாத,” என்று மறுபடி மூடிக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அந்தச் சாலையின் முடிவு வரை போனாள். அங்கே ஒரு குளம் இருந்தது. இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சங்கம் கொண்டாடியது. கொக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாட்ஸப் குழுவில் கைகூப்பும் படங்கள் நிரம்பின.

பொன்னாடை கசங்குவதற்குள் சூரப்பன் மருத்துவரிடம் போனான். “டாக்டர், பசி அடங்கவே மாட்டேங்குது. உக்காந்தா எந்திரிக்க முடியல. அப்புறம்...” சுற்றுமுற்றும் பார்த்தான். “மடி கட்டுது டாக்டர்.”

கொக்கு பார்த்தது, தொட்டது. இன்னொருவனைப் பார்த்தது. எல்லாருக்கும் அப்படியே. “ஈரலை யாருப்பா தின்னீங்க?” என்று கேட்டது.

அவசரக் கூட்டம் கூடியது. வராத உறுப்பினரே இல்லை. எருதுகூட ஓடி வந்தது.

“எங்களுக்குத் தெரியாம எங்க உடம்புக்குள்ள மருந்தா?” என்று சூரப்பன் தழுதழுத்தான். “ஒரு வார்த்தை கேக்காம கொடுக்கலாமா? எங்க உடம்பு எங்களுது இல்லையா?”

“அண்ணே, உங்களுக்கு யாரும் கொடுக்கவே இல்ல,” என்றாள் செவலை. “நீங்கதான் கேக்காம சாப்பிட்டீங்க.”

அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. மற்றவை எல்லாம் சேர்க்கப்பட்டன. மருந்து மிகக் கொடியது, விலங்குரிமைக்கு எதிரானது, அன்றைக்கே தடை. பாதிக்கப்பட்ட ஆண்களுக்கு முழு ஓய்வு, காலையிலும் மாலையிலும் பால், படுக்கச் சணல் சாக்கு. கோழி தன் முட்டைகளையும் கொடுத்தாள். கொக்கு பொன்னாடையைத் திருப்பித் தந்தது.

“அப்ப புள்ளிச்சி?” என்று கேட்டாள் செவலை.

“அதான் அன்னிக்கே சொன்னேனேம்மா,” என்றது எருது. “அது விதி.”

செவலை குளத்துப் பக்கம் நடந்தாள். குட்டி போடப் போகிறாயா என்று வழியில் கேட்டவர்களிடம், “யோசிச்சிட்டிருக்கேன்,” என்றாள்.

நீதி: ஒரு மருந்து ஆபத்தானதா என்று அறிய வேண்டுமானால் அதை ஆண் நாய்க்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெண் நாய்க்குக் கொடுத்தால் அவள் விதி கெட்டது என்று மட்டும்தான் தெரியவரும்.