மேல் தட்டுக் கறை

மேல் தட்டில் சிவப்பாக ஒரு கோடு. ஒரு விரல் அகலம்தான். ஆனால் நேற்று முழுக்கத் தேய்த்துத் தேய்த்து வெள்ளை வெளேரென்று வைத்திருந்த அடுப்படி அலமாரியில், அது சுப்புராமனின் கண்ணை உறுத்தியது.

"சலூனுக்குப் போறப்ப இது இல்லையே!" என்றார் சத்தமாக.

பதில் சொல்ல ஆளில்லை. இரண்டு மாதமாகவே இல்லை.

சுப்புராமனுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், ஸ்டோர்ஸில் சூப்பிரண்டென்ட் உத்தியோகம். இரும்பு ராக்குகளை விரலால் தடவி, தூசி இருந்தால் கீழே வேலை செய்கிறவர்களை வறுத்தெடுப்பது அவருக்குக் கைவந்த கலை. அதை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தால் கதையே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து, சாயங்காலக் காபியைக் கையில் வாங்குமுன் அடுப்படித் தட்டை ஒரு தடவு தடவி, அந்த விரலை ஜெகதாம்பாளின் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"இது என்ன?"

அவள் அந்த விரலை முந்தானையால் துடைத்துவிட்டுக் காபியைக் கொடுப்பாள். அந்த மனுஷிக்கு அத்தனை பொறுமை எங்கிருந்து வந்ததோ! ஒருநாள் அதுவும் தீர்ந்துபோனது. நீட்டிய விரலைப் பார்த்தாள், காபியை மேடைமேல் வைத்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டு படூரில் இருக்கிற மகள் சுஷ்மிதா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நேற்றுக் காலையில்தான் போன் செய்தாள்.

"நாளைக்கு வரேன். அங்க இருக்கிறதா வேண்டாமான்னு வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்."

மன்னிப்புக் கேட்பது சுப்புராமனின் பரம்பரையிலேயே கிடையாது. நான் கேட்காவிட்டால் என்ன, அடுப்படி கேட்கட்டும் என்று நினைத்தார். சாப்பாடு இரண்டு மாதமும் கேண்டீனில்தான், அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. அப்படியும் விடாமல் ஒவ்வொரு டப்பாவாக இறக்கித் துடைத்தார். பாத்திரம் தேய்க்கும் முனியம்மாவைக்கூட இன்றைக்கு வராதே என்று சொல்லிவிட்டார். எல்லாம் அவரே செய்தது என்று ஜெகதாம்பாளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் முடி வெட்டிக்கொண்டு, இரண்டு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு திரும்பியவருக்குத்தான் இந்தக் கோடு.

மிளகாய்ப்பொடியாக இருக்கும் என்று முடிவு கட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்பி அவள் சாயங்கால பஸ்ஸில்தான் வந்து சேருவாள். நேரம் கிடக்கிறது. ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். கோடு பட்டையாயிற்று. சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்தார். பட்டை பாதித் தட்டுக்குப் பரவி ரத்தச் சிவப்பாக மாறியது.

"என்னா சார், காலங்காத்தால அடுப்படியில சண்டை?" என்று பின்பக்கச் சுவருக்கு மேலே தலை நீட்டினார் அடுத்த வீட்டு அருணகிரி. கேட்காமலே யோசனை சொல்லும் நல்ல மனிதர்.

"ஒரு கறைய்யா. போகமாட்டேங்குது."

"ப்பூ, இவ்ளோதானா? எலுமிச்சம்பழம் ஒண்ண வச்சித் தேய் சார். பறந்துபூடும்."

தேய்த்தார். சிவப்பு பறந்துதான் போயிற்று. அந்த இடத்தில் மஞ்சள் வந்து உட்கார்ந்துகொண்டது.

கோபத்தில் கம்பி நாரை எடுத்தார். மஞ்சளோடு வெள்ளைப் பெயிண்டும் உரிந்து, உள்ளே எந்தக் காலத்திலோ அடித்திருந்த பச்சைப் பெயிண்ட் எட்டிப் பார்த்தது. சுப்புராமனுக்கு வியர்த்துவிட்டது. இதைப் பார்த்தால் அவள் வாசலோடு திரும்பிவிடுவாளே!

"ப்ளீச்சிங் பவுடர் கீதா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த யோசனை வந்தது.

இருந்தது. கிணற்றுக்குப் போடுகிற அளவுக்குக் கரைத்துத் தட்டின்மேல் ஊற்றினார். அது தட்டில் நிற்குமா? சுவரில் இறங்கி, அடுப்புக்குள் புகுந்து, மேடையில் வைத்திருந்த மல்லிகையை நனைத்துக்கொண்டு மொசைக் தரையில் பாய்ந்தது. ஒரு மணி நேரம் துடைத்தும் தரையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நின்றது. தட்டில் இருந்த கறை இப்போது வீட்டுக்கே சொந்தமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா தெருவில் சைக்கிள்காரன் கத்த வேண்டும்? "ஆசிட்டே! பினாயிலே!"

ஓடிப் போய் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி வந்தார். தரையில் கொட்டினார்.

புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு மஞ்சளும் பச்சையுமாகப் புகை கிளம்பியது. மூக்கில் ஊசி ஏற்றினாற்போல இருந்தது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓடியிருப்பான். சுப்புராமன் டவுன்ஷிப்காரர். அணு உலையில் விபத்து நடந்தால் என்ன செய்வது என்று வருஷம் தவறாமல் ஒத்திகை பார்த்தவர். சங்கு ஊதினால் வீட்டுக்குள் போ, கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்து, ஈரத் துணியால் மூக்கை மூடு, சொல்கிற வரை வெளியே வராதே. புகை என்றதும் கை தானாகவே வேலை செய்தது. பின்கதவுக்குத் தாழ் போட்டார். ஜன்னல்களைச் சாத்தினார். இடுக்கில்கூடத் துணியை அடைத்தார். அப்புறம் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, அந்தப் புகையோடு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

இருமல் சத்தம் கேட்டு அருணகிரி ஓடிவந்து பின்கதவை உதைத்தார்.

"சார்! கதவத் தெற சார்!"

"வராதய்யா! உள்ள புகை!" என்றார் சுப்புராமன் இருமிக்கொண்டே. "ஜன்னல் எல்லாம் பத்திரமாச் சாத்திட்டேன்!"

"யோவ், அது வெளிய பொகை வந்தா செய்றதுய்யா!"

அதற்குமேல் சுப்புராமனுக்குக் கண் தெரியவில்லை. தாழ்ப்பாள் என்று நினைத்து அலமாரியைப் பிடித்து இழுத்தார். ஆணியோடு அது கையில் வந்தது. அரிசி, பருப்பு, கடுகு, ஜெகதாம்பாள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாக்கள் என்று எல்லாம் அந்த ஆசிட் நுரையில் விழுந்தன. ஒருவழியாகத் தாழ்ப்பாள் கைக்கு அகப்பட்டு, அருணகிரி அவரை இழுத்துக் கொல்லையில் போட்டார். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒருதரம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அய்யய்யோ! கல்யாணி கூப்பிடுறா சார், தோ வந்துட்றேன்" என்று போனவர்தான். அவர் மனைவி கல்யாணி கூப்பிட்டது வேறு யாருக்கும் கேட்கவில்லை.

புகை அடங்கியதும் சுப்புராமன் உள்ளே போனார். தரை பொரிந்துபோயிருந்தது. அரிசியும் கடுகும் சேறாகக் கிடந்தன. புதிதாக வெட்டிய தலையில் பருப்பு ஒட்டியிருந்தது. அந்தச் சேற்றில் அப்படியே உட்கார்ந்து, கல்யாண டப்பா ஒன்றை வேட்டியால் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்க அது கறுத்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழட்டும், இத்தனை வருஷத்தில் அந்த அடுப்படியில் அவர் அழுதது இதுதான் முதல் தடவை.

பொழுது சாய்கிற நேரத்தில் பின்வாசலில் வந்து நின்றாள் முனியம்மா. கையில் ஒரு பை.

"இன்னா சாரு இது! வூட்டுக்குள்ள எருமை ஏதுனா பூந்துடுச்சா?"

"முனியம்மா! நல்ல வேளை வந்தே. சீக்கிரம் ஒரு கை குடு. அம்மா சாயங்கால பஸ்ல வந்துடுவா. இதைப் பாத்தான்னா இந்த வீட்டுப் படியை மிதிக்கவே மாட்டா."

முனியம்மா அசையவில்லை. பையை மேடைமேல் வைத்தாள். முருங்கைக்காயும் பிஞ்சுக் கத்தரிக்காயும் வெளியே தெரிந்தன. இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள். அதில் ஜெகதாம்பாளின் பித்தளைப் பிள்ளையார் தொங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா காத்தாலயே வந்துட்டுப் போய்ட்டாங்க சாரு. நீ சலூனுக்குப் போய்க்கிறப்போ. தெருமுனையில என்னப் பாத்து இத்தக் குடுத்தாங்க. சாரு நாஸ்தாகூட இல்லாம கெடப்பாரு, வந்ததும் சமைக்கணும்னு வாங்கியாந்த காயாம். 'நான் ஊரு போய்ச் சேந்தப்புறம் அவருகிட்ட குடுத்தா போதும்'னு சொல்ட்டாங்க."

சுப்புராமன் சாவியை வாங்கிக்கொண்டார். "போயிட்டாளா? ஏன் போனா? காலையில அடுப்படி கண்ணாடி மாதிரி இருந்துதே!"

"அத்தான் சாரு சொன்னாங்க. வர்ற வழியில கோயில்ல குங்குமம் எடுத்த அதே வெரலால, உன்ன மாதிரியே மேல் தட்ட ஒரு தடவு தடவிப் பாத்தாங்களாம், வெரல்ல துளி தூசி ஒட்டலியாம். 'இத்தன வருசமா அவரு கேட்ட சுத்தம் இன்னான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது முனியம்மா, நான் இல்லாத வூடு'ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாங்க."