மச்சான் வீட்டு வெந்நீர்

மூன்றாவது நாளாக மாவு புளிக்கவில்லை.

"கல்லாட்டம் இருக்கு. இத இட்லின்னு யாருக்கு வைக்கிறது?" தில்லையம்மாள் தட்டைக் கணவர் வைத்திலிங்கத்தின் முன்னால் நகர்த்தினாள்.

குற்றவாளி யாரென்று அவருக்குத் தெரியும். சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த புது ஹீட் பம்ப். காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமான குளிர்ந்த காற்றை மாவுப் பாத்திரத்தின் மேல் ஊதிக்கொண்டிருந்தது.

செம்மண்டலத்தில் வீடு கட்டிய நாளிலிருந்து வைத்திலிங்கம் தானாக எடுத்த முடிவு இது ஒன்றுதான். மனைவிக்கு முட்டிவலி. விடிகாலையில் வெந்நீரில் குளித்தால் அடங்கும், ஆனால் அண்டாவைத் தூக்க அவளால் முடியவில்லை. விற்க வந்தவன் பேச்சை அவர் லேசில் நம்பிவிடவில்லை. சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, இதே மெஷினை வாங்கியிருந்த மச்சான் ஞானசேகரன் வீட்டில் மத்தியானம் ஒரு குளியல் போட்டே பார்த்துவிட்டார். தண்ணீர் சுடச்சுடக் கொட்டியது. "ஆகா!" என்று துண்டோடு வெளியே வந்தவர், ஊர் திரும்பிய கையோடு ஆர்டர் கொடுத்தார். ஒத்துவராவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கம்பெனியும் சொல்லியிருந்தது.

"இது நம்ம வூட்டுக்கு ஒத்துவராதுங்க. குடுத்துடுங்க."

"ஒன் தம்பி வூட்டுக்கு ஒத்துவருதுல்ல? எடத்த மாத்துனா சரியாப் போயிடும்."

பிளம்பர் வந்து மெஷினைப் பக்கத்துச் சந்துக்கு மாற்றினார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு ராஜாமணி சண்டைக்கு வந்தார்.

"இன்னா சார் இது, காதுகிட்ட மாவு மில்லு வச்சாப்புல..." என்று ஆரம்பித்தவர், குளிர்ந்த காற்று வயிற்றில் பட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். மறுநாள் கட்டிலோடு வந்தார். அதற்கு மறுநாள் அவருடைய சகலையும் வந்தார். சந்தில் துணி காயப்போட இடமில்லை. மெஷினை நிறுத்தினால், "யாரு சார் ஆஃப் பண்ணது?" என்று அதட்டல் வேறு.

"இவுங்களுக்குக் காப்பி போட்டுப் போட்டே என் முட்டி போயிடும்போல," என்றாள் தில்லையம்மாள்.

மெஷின் மொட்டை மாடிக்கு ஏறியது. அங்கே யார் தொந்தரவும் இல்லை. வெந்நீரும் இல்லை. அந்த 2012 கோடை மின்வெட்டில், தண்ணீர் சூடாகிற வரைக்கும் கரண்டு இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. கரண்டு வரும்போதெல்லாம் யாராவது மேலே போய் மெஷின் சுவிட்சைத் தட்டிவிட வேண்டும். அவர் கடைக்குப் போயிருந்த நேரங்களில் தில்லையம்மாள் ஏறினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு இப்போது மாடியில் உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் அவர் திரும்பி வந்தபோது அவள் நடுப்படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சண்டைகூடப் போடவில்லை.

"முடியலங்க," என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன்.

"சார், இன்னியோட மாசம் முடியுது. மெஷின எடுத்துக்கட்டுமா?"

வைத்திலிங்கம் மனைவியைப் பார்த்தார். மச்சான் வீட்டில் குளித்த குளியலை நினைத்துப் பார்த்தார்.

"வேணாம், இருக்கட்டும். கோளாறு மெஷின்ல இல்ல, எங்ககிட்டதான் இருக்கு."

தில்லையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே அவர் அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போனார். ஞானசேகரன் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி இருசம்மாள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏம்மா, ஒங்க வூட்டுல மட்டும் எப்பிடி இந்த ஹீட் பம்ப் ஒழுங்கா ஓடுது? எங்க வச்சிருக்கீங்க, எப்பப் போடுறீங்க, கொஞ்சம் காட்டும்மா. ஒன் நாத்தனா பாவம், நடக்கவே முடியல."

இருசம்மாள் திருதிருவென்று விழித்தாள்.

"எங்கண்ணே ஓடுது? அது வந்த வாரமே படுத்துடுச்சு. அன்னிக்கு நீங்க குளிச்சது வெயில்ல கொதிச்ச மாடி டேங்க் தண்ணி. திருப்பி எடுத்துக்கச் சொல்ல போனைக் கையில எடுத்த மனுசன், 'மாமாவே ஆகான்னுட்டாரு, கோளாறு நம்மகிட்டதான்'னு வச்சிக்கிட்டாருண்ணே!"