காலி என்று கையெழுத்துப் போட மாட்டேன்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். அக்காவின் மூட்டுவலி படி ஏறும் அளவுக்காவது தேவலை என்று நம்புகிறேன். போனில் நீங்கள் என்னைப் பேசவிடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். வங்கி வாசலில் பத்தொன்பது வருடம் கம்போடு உட்கார்ந்திருந்தவன் நான். இனி ரிவால்வர் பிடிக்கத் தெரிந்தவர்தான் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று காவல் கம்பெனி பயிற்சிக்கு அனுப்பியது. தேறாவிட்டால் அடித்தளத்தில் வண்டிகளுக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலை. பயிற்சி கொடுத்த மாஸ்டர் உங்கள் பழைய சிநேகிதர். அவர் சொன்னது நாலே விஷயம்தான். எந்த ரிவால்வரிலும் தோட்டா இருப்பதாகவே நினைத்து, கையில் வந்ததும் தோட்டா போடும் உருளையைத் திறந்து நீயே பார். சுடக் கூடாத எதன் பக்கமும் நீட்டாதே. சுடும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்.

வீட்டில் பழக ரிவால்வருக்கு எங்கே போவது, டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டேன். முதல் நாளே பேட்டரி இரண்டையும் கழற்றி, விதிப்படி வேறு அலமாரியில் வைத்தேன். தினமும் அதன் முனையைத் தரைக்குத் திருப்பிப் பிடித்தபடி கூடத்தில் நடந்தேன். டிவிக்கு நேரே மட்டும் நீட்டவில்லை, ஏனென்றால் சுவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சமையலறை. "சேனல் மாத்தப் போறீங்களா, இல்ல அந்தம்மாவைச் சுடப் போறீங்களா?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். ஒரு மாதமாக டிவி ஓடாமல் இருந்தும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, பொறுமைசாலி. நடுவில் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போனால், நர்ஸ் காய்ச்சல் பார்க்கும் கருவியை நேராக என் நெற்றிக்கு நீட்டுகிறார். நான் அவர் கையைத் தரைப்பக்கம் திருப்பி, "காலின்னு பாத்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். காய்ச்சல் எவ்வளவு என்று குறிக்காமலே மனநல மருத்துவரைப் பார்க்கச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

இப்படிப் பழகியவன் தேர்வுக்குப் போனேன். மொத்தம் பதினோரு பேர், நான் கடைசி. மாஸ்டர் ரிவால்வரை நீட்டி, "காலிதான், வாங்கிக்கோ" என்றார்.

"திறந்து கொடுங்க மாஸ்டர்."

"நான் பாத்துட்டேன்யா."

"நீங்க பாத்தது உங்களுக்கு. நான் பாத்தாத்தான் எனக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் கடுகடுவென்று உருளையைத் திறந்து காட்டினார். ஐந்து அறை காலி. ஆறாவதில், காலையில் சுட்டுக் காட்டியதில் மிஞ்சிய ஒரு தோட்டா. சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு முன்னால் அதே ரிவால்வரை வாங்கியவன், பக்கத்தில் நின்றவன் வயிற்றில் அதை வைத்து விளையாடியதை நான் பார்த்தேன் அத்தான். அந்த வயிறு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது ரிவால்வர் காலியாகவே இருந்தது என்று ஒரு தாளில் எழுதி, கம்பெனி எங்களிடம் கையெழுத்துக் கேட்கிறது. பத்துப் பேர் போட்டாயிற்று. நானும் போட்டால் வாசல் நாற்காலி, இல்லையென்றால் அடித்தளம். "ஒரு கையெழுத்துதானேப்பா, மாஸ்டர் பொழப்புல மண்ணைப் போடாதே" என்று நேற்று போனில் சொன்னீர்கள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் நீங்கள், அதை மறக்கவில்லை. ஆனால் கண்ணால் பார்த்த தோட்டாவை இல்லை என்று எழுத எனக்குக் கை வராது. ஒரு தரம் பார்த்துவிட்டோம் என்று மறுதரம் பார்க்காதவர் யாராக இருந்தாலும் ரிவால்வரைத் தொட லாயக்கில்லை. அடித்தளத்தில் காற்று வராதாம், விசிறி வாங்கிக்கொள்கிறேன். முடிவு முடிவுதான்.

அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும். இரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதைப் பிரித்திருப்பீர்கள் என்று நம்பும்,
உங்கள் மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மாஸ்டரே வந்துவிட்டார். தோட்டா இருந்தது, தவறு என்னுடையது என்று தன் கைப்பட எழுதிக் கொண்டுவந்து, "சாட்சிக் கையெழுத்துப் போடுய்யா" என்றார். போட்டேன். பிறகு, வீட்டில் எதை வைத்துப் பழகினாய் என்று கேட்டார். ரிமோட்டைப் பெருமையாக நீட்டி, "காலிதான் மாஸ்டர்" என்றேன். அவர் வாங்கியதும் மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு பேட்டரியும் இருந்தன. "நீங்க டூட்டிக்குப் போனப்புறம் நான் சீரியல் பாக்க வேண்டாமா? அன்னைக்கே போட்டுட்டேன்" என்றாள் என் மனைவி. மாஸ்டர் ரிமோட்டின் முனையைத் தரைக்குத் திருப்பி என்னிடம் கொடுத்தார். மேலே லாயக்கில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன், அதை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள்.