யாருக்கும் இல்லாத பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முட்டி வலியையும் உன் கடிதத்தையும் தவிர இங்கே எனக்கு எந்தக் குறையும் இல்லை. அங்கே நீயும் தாத்தா ஆன மயக்கத்திலிருந்து கொஞ்சம் தெளிந்திருப்பாய் என்று நம்புகிறேன். தாயும் சேயும் தேறி வருவது பற்றி மகிழ்ச்சி. குழந்தையின் எடை மூன்று கிலோ நூறு கிராம் என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறாய். ஓர் இடம் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்கு என் பெயரை வைக்க ஆசைப்படுகிறீர்கள், என் சம்மதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். சம்மதம் இல்லை. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையாவது தேடிக்கொண்டிருப்பாய். அதனால் காரணத்தோடு எழுதுகிறேன். கடைசிவரை படி.

பிறந்ததிலிருந்து என்னை அக்கா என்று மட்டுமே கூப்பிட்டவன் நீ. அந்தப் பெயரோடு குடித்தனம் நடத்துவது என்னவென்று உனக்குத் தெரியாது. பள்ளியில் எங்கள் வகுப்பில் அந்தப் பெயரில் ஐந்து பேர். டீச்சர் எங்களுக்கு எண் போட்டுவிட்டார். நான் மூன்று. பல்கலைக்கழகத்தில் என் மதிப்பெண் பட்டியல் விலங்கியல் படித்த ஒருத்திக்குப் போய், அவளுடையது எனக்கு வந்தது. அவள் என்னைவிட நன்றாக வாங்கியிருந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் வலித்தது. பிறகு எனக்குக் கிடைத்த வேலையையும் நீ அறிவாய். நூலகத்தில் அட்டவணைப் பிரிவு. ஒரே பெயரில் இரண்டு எழுத்தாளர்கள் இருந்தால் ஒருவர் புத்தகம் மற்றவர் பெயரில் ஏறிவிடாமல் பிரித்துவைப்பது என் பொறுப்பு. முதலில் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிப்போம். அதுவும் ஒன்றாக இருந்தால் தொழிலை வைத்து. இருபத்து மூன்று வருடமாக இதைச் செய்கிறேன், ஒருவரையும் இன்னொருவரோடு கலக்கவிட்டதில்லை என்ற கர்வமும் உண்டு. இப்படிப்பட்டவளுக்கு வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர், "உங்க பேர்லயே தெரு அமைஞ்சிருக்கு, வேற யாருக்குங்க இந்தக் கொடுப்பினை?" என்றார். நானும் பல்லைக் காட்டிவிட்டு முன்பணம் கொடுத்தேன். குடிவந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் அதே பெயரில் மூன்று தெருக்களும் ஒரு பஸ் நிறுத்தமும் இருக்கின்றன என்று. மூன்று தெருவிலும் அந்தப் பெயரில் பெண்கள் வேறு.

வந்த முதல் மாதமே என் வீட்டுக்கு ஒரு பல் டாக்டரின் கடிதம் வந்தது. நான் சும்மா இருந்திருக்க வேண்டும். கை கேட்கவில்லை. சரியான முகவரியைத் தேடிப்பிடித்து உறையின் மேல் பென்சிலால் பெயர், பிறந்த ஆண்டு, தொழில் என்று அழகாக எழுதித் தபால்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை ஏதோ கல்வெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அடுத்த வாரம் மூன்று கடிதங்களோடு வந்து, "மேடம், இதுல யார் எதுன்னு எனக்குப் பிடிபடல. நீங்க பிரிச்சுக் குடுத்துடுவீங்கல்ல?" என்றார். அன்று ஆழம் தெரியாமல் விட்ட கால், தம்பி. ஆறு வருடமாக இந்த ஊரில் அந்தப் பெயருக்கு எங்கே யாருக்குத் தபால் வந்தாலும், சந்தேகமென்றால் என் வாசலுக்கு வரும். நான் ஒரு சின்னப் பெட்டியில் கார்டு போட்டு வைத்திருக்கிறேன். 'பல் டாக்டர்', 'லாரி ஆபீஸ்', 'பேக்கரி', 'மருந்துக்கடை', 'நீச்சல்' என்று பதினோரு கார்டுகள். எல்லோரும் என் பெயர்க்காரிகள். யாருக்கு யார் எழுதுகிறார்கள் என்று உறையின் கையெழுத்தை வைத்தே தெரியும், ஒருத்தியையும் நேரில் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை. பெயர் ஒன்று என்பதற்காக உறவு கொண்டாடுவதெல்லாம் எனக்குப் பிடிக்காத சங்கதி என்று உனக்குத் தெரியும்.

போன பத்தாம் தேதி ஒரு உறை வந்தது. பெயர் இருந்தது, தெரு இருந்தது, கதவு எண் இல்லை, அனுப்பியவர் முகவரியும் இல்லை. எழுத்து கோணல்மாணலாக, கோடு விட்டு இறங்கி இறங்கிப் போயிருந்தது. ஆறு வருடத்தில் நான் ஒரு உறையையும் பிரித்ததில்லை. இதைப் பிரிக்காமல் வழியில்லை, பிரித்தேன். ஒரு தகப்பனார் மகளுக்கு எழுதியது. பதினாறு வருடமாகிவிட்டது, அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை தப்பு என்று எழுதியிருந்தார். எந்த வார்த்தை என்று எழுதவில்லை. கண் மங்கிக்கொண்டே வருகிறது, ஆபரேஷன் செய்தாலும் சரியாகும் என்று சொல்ல முடியாதாம், அதற்கு முன்னால் உன்னை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பதினாலாம் தேதி காலை பத்தரை வண்டியில் வருகிறேன், ஐந்தாவது பெட்டி, ஜன்னலோரம். அதே வண்டி பன்னிரண்டுக்குத் திரும்புகிறது. நீ வந்து கூப்பிட்டால் இறங்குவேன். வராவிட்டால் உட்கார்ந்தபடியே திரும்பிவிடுவேன், உன்மேல் வருத்தப்பட மாட்டேன். அவ்வளவுதான் கடிதம். கீழே 'அப்பா' என்று கையெழுத்து. உலகத்தில் இதைவிடப் பொதுவான பெயர் இல்லை. அட்டவணைப் பிரிவில் இருப்பவளிடம் வந்து சேர்ந்ததே!

நான் முதலில் நம்பவில்லை. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஏமாற்றுகிறவன் பணம் கேட்பான், இந்த மனிதர் கேட்டது ஜன்னலோரத்தில் ஒரு முகம். நான்கு நாள் இருந்தது. பதினோரு பேருக்கும் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. லீவு போட்டுவிட்டு, கார்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பல் டாக்டர் என்னைவிட ஒல்லி, என்னைவிடப் பேச்சு குறைவு. நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி கிடக்க, நின்றுகொண்டே கடிதத்தை இரண்டு முறை படித்தார். "எங்கப்பா போய் எட்டு வருஷமாச்சுங்க" என்று மடித்துக் கொடுத்தார். நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து, "ஸ்டேஷனுக்கு எத்தன மணிக்குப் போறீங்க?" என்று கேட்டார். உங்களுடையது இல்லையே என்றேன். "இல்லதான். ஆனா யாராவது போகணும்ல?" என்றார். வாய் திறந்து கிடந்தவரும் ஏதோ ஆமோதிப்பதுபோல் சத்தம் கொடுத்தார்.

லாரி ஆபீஸ்காரி இதற்கு நேர் எதிர். புக்கிங் மேஜையில் இரண்டு போன், காதில் ஒரு பேனா. "எங்கப்பாவா? எங்கூடத்தான் இருக்காரு. ரிமோட்டக் கையிலேர்ந்து விட மாட்டேங்கறாரு. இந்த ரயில் பன்னண்டுக்குத் திரும்புதுன்னா சொல்லுங்க, அவர ஏத்தி விட்டுடறேன்" என்று ஆபீஸே அதிரச் சிரித்தாள். பிறகு கடிதத்தை மறுபடி பார்த்தாள், சிரிப்பு நின்றது. "பெரியவரு தனியா ஜன்னல்ல உக்காந்துட்டு அப்படியே திரும்பிப் போறதா? நல்லாருக்கே கதை! யாரும் வரலைன்னா நானே போய் 'வாங்கப்பா'ன்னு கூட்டிட்டு வந்துடுவேன்." அது பொய் என்றேன். "பேரு பொய்யா? என் பேரும் அதான?" என்றாள். முதுகலை படித்தவள் நான், கார்டுப் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

பேக்கரிக்காரியின் கடை மூன்றாவது தெருவில். பின்பக்கம் அடுப்பறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நீட்டிய கடிதத்தை வாங்கவில்லை. "கையெல்லாம் மாவு. நீங்களே படிங்க." படித்தேன். வேறொரு வீட்டுத் தகப்பனாரின் மன்னிப்பை முன்பின் தெரியாத ஒருத்திக்கு உரக்கப் படிப்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் பிசைவதை நிறுத்தவில்லை. படித்து முடித்ததும், "என்னுது இல்ல" என்றாள். வருகிறீர்களா என்று மரியாதைக்குக் கேட்டேன். "பத்தரைக்கு ரெண்டாவது சுத்து ரொட்டி அடுப்புல இருக்கும். அதை விட்டுட்டு ஸ்டேஷன்ல போய் யாரை வேடிக்கை பாக்கச் சொல்றீங்க?" என்றாள். நான் வெளியே வரும்போது தீய்ந்த வாசனை அடித்தது. எனக்குச் சமையலறை விவகாரம் பிடிபடாது, அது இயல்பான வாசனை என்றே நினைத்துக்கொண்டேன்.

மீதி எட்டுப் பேரும் தங்களுடையது இல்லை என்றுதான் சொன்னார்கள். பதினாலாம் தேதி பத்து மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போனபோது, லாரி ஆபீஸ்காரி என் பதினோரு கார்டில் பாதியைத் திரட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். பல் டாக்டர், மருந்துக்கடை, நீச்சல் சொல்லிக்கொடுப்பவள், இன்னும் இரண்டு பேர். என்னோடு ஏழு. ஆறு வருடமாக நான் கலந்துவிடாமல் பிரித்துவைத்த பெண்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிளாஸ்கிலிருந்து காபி குடிக்கிறார்கள். ஒருவரையொருவர் "பல்லு", "மருந்து", "லாரி" என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது? எனக்கும் பெயர் வைத்துவிட்டார்கள், "கார்டு".

வண்டி வந்தது. ஐந்தாவது பெட்டி ஜன்னலில் ஒரு பெரியவர், மடியில் துணிப்பை, சட்டையில் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். ஆட்கள் இறங்கி முடித்த பிறகும் அவர் அசையவில்லை. பிளாட்பாரத்தைப் பார்த்தபடி, நடந்து போகிற ஒவ்வொரு நிழலுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் ஏழு பேரும் ஜன்னலருகே போய் நின்றோம். இவ்வளவு வீராப்பு பேசிய லாரிக்கே 'வாங்கப்பா' என்று வாய் வரவில்லை. அவர்தான், "யாரும்மா?" என்று கேட்டார். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். நான் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்வதற்குள் பக்கத்தில் பல் டாக்டரும், "நானும் அதே பேருதாங்க" என்றார். பிறகு மருந்து, பிறகு நீச்சல். ஏழு முறை அந்தப் பெயர் ஏழு குரலில். உங்கள் மகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் நாங்கள் வந்தோம் என்று சொல்லிக் கடிதத்தை அவர் கையில் வைத்தேன்.

பெரியவர் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "நான் ஒருத்திக்குத்தானேம்மா வச்சேன்? ஊர்ல யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும்னு மூணு நாள் சோறு இறங்காம யோசிச்சு வச்சேன்."

பல் டாக்டர் மெதுவாக, "எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு" என்றார். "எங்கப்பா ஒரு வாரம் யோசிச்சாராம்" என்றாள் நீச்சல். "யாருக்கும் இல்லாத பேருன்னு இன்னிக்கும் பீத்திப்பாரு, ரிமோட்டும் கையுமா" என்றாள் லாரி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன், தம்பி. நம் அப்பாவும் அதையேதான் சொன்னார், நினைவிருக்கிறதா? மூன்று நாள் யோசித்தேன், இந்த மாதிரிப் பெயர் எவனுக்கும் தோன்றாது என்று. (நீ பிறந்தபோது அவர் யோசிக்கவே இல்லை, அதை விடு.) நான் அதைக் கேலி செய்தே வளர்ந்தவள். எங்கோ ஒரு சினிமாவில் கேட்டிருப்பார், ஒரு காலண்டரில் பார்த்திருப்பார், அந்த வருடத்து மோஸ்தர் என்று காரணம் சொல்ல எனக்குத் தெரியும், சொல்லவும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த ஜன்னலுக்குக் கீழே நிற்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. ஒருவரையொருவர் அறியாத இத்தனை வீடுகளில், இத்தனை தகப்பன்மார்கள், தூளிக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, என் பெண்ணைப்போல் உலகத்தில் இன்னொருத்தி இல்லை, அதனால் அவள் பெயரும் இன்னொருத்திக்கு இருக்கக்கூடாது என்று யோசித்து யோசித்து, எல்லோரும் கடைசியில் ஒரே வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. அத்தனை பேரும் சொந்தமாக யோசித்தார்கள். அதை என்னவென்று எந்தக் கார்டில் எழுதுவது?

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பெரியவர் எங்கள் எல்லோர் கையையும் ஜன்னல் வழியாகத் தொட்டு, "போதும்மா, ஏழு பேர் வந்தீங்க, எனக்கு அது போதும்" என்றார். அது போதவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. இன்ஜின் மறுபக்கத்தில் மாட்டிவிட்டார்கள். அப்போது அவர், எங்களைத் தாண்டி எங்கேயோ பார்த்து, நிழலைப் பார்த்தாரோ நடையைத்தான் கேட்டாரோ, அந்தப் பெயரைக் கூப்பிட்டார். உரக்கக்கூட இல்லை. பழக்கதோஷம், ஏழு பேரும் "ம்?" என்று அவர் பக்கம் திரும்பினோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றவள் மட்டும் திரும்பவில்லை. அவள் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேக்கரி. ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, முழங்கைவரை மாவு.

கட்டிப்பிடித்து அழவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எங்களை விலக்கிக்கொண்டு பெட்டியில் ஏறினாள். அவர் முன்னால் போய் நின்றாள். "இறங்குங்க. அடுப்புல ரொட்டி இருக்கு" என்றாள். அவர், "பைய எடுத்துக்கறேன்" என்றார். "குடுங்க இப்படி" என்றாள். அவ்வளவுதான். பதினாறு வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. இறங்கிப் போகும்போது அவர் சட்டையின் தோளில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்திருந்தது. லாரி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பல் டாக்டர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் அழவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பெயர் வேண்டாம். அதை வைத்துக்கொண்டால் அடுத்தவர் தபால் வரும், அடுத்தவர் அப்பா வருவார், ஞாயிற்றுக்கிழமையானால் ஏழு பேர் காபி குடிக்க வருவார்கள். (வருகிறார்கள்.) பச்சைக் குழந்தை தலையில் இதையெல்லாம் ஏற்றாதே. யாருக்கும் இல்லாத ஒரு பெயராகப் பார்த்து வையுங்கள்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளை பெற்றவளைக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய விடவேண்டாம் என்று சொல். குழந்தை நீண்ட ஆயுளோடும், நல்ல பற்களோடும், என்னைவிடக் குறைந்த சந்தேகத்தோடும் வளரட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உன் மகள் போன் செய்தாள். "அத்தை, நீங்க எப்படியும் ஒத்துக்க மாட்டீங்கன்னு வேற பேரு முடிவு பண்ணிட்டோம். உங்க மாப்பிள்ள மூணு நாள் தூங்காம யோசிச்சாரு. யாருக்குமே இல்லாத பேராம்" என்று சொன்னாள். சந்தோஷம் என்றேன். வைத்த பிறகு எங்கள் அட்டவணையில் தேடினேன். அந்தப் பெயரில் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே. ஆனால் இது என்ன நியாயம் தம்பி, நான் வேண்டாம் என்று எழுதிய கடிதம் கைக்கு வரும்முன்பே என் பெயரைக் கைவிட்டால்? பதிவு செய்யும்போது இரண்டாவது பெயராக என்னுடையதையும் எழுதிவிடு. நான் மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். பெட்டியில் குழந்தைக்கும் ஒரு பன்னிரண்டாவது கார்டைப் போட்டுவிட்டேன். பெயர், பிறந்த ஆண்டு எல்லாம் மையில். தொழில் என்ற இடத்தில் மட்டும் பென்சிலால், 'தூங்குகிறாள்'.