பதினான்கு தடிக்கும் சந்தனம்

கோணேசர் துணை

திருகோணமலை,
ஞாயிறு மாலை.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க அக்கா இரத்தினேஸ்வரி அவர்களுக்கு, தம்பி கனகசபை பணிவுடன் எழுதுவது. என் இடது முழங்காலையும் என் மனைவி சுலோஜனாவின் வாயையும் தவிர, இங்கே எல்லாம் சுகம். லண்டன் குளிரில் தங்களுக்கும் அத்தானுக்கும் மூட்டுநோ தணிந்திருக்கக் கோணேசப் பெருமான் அருள் செய்வாராக. போன் இருக்கக் கடிதம் ஏன் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு சொல் சொன்னால் தாங்கள் பத்துச் சொல்லுவீர்கள். கடிதத்தில் என்னை ஒருவரும் மறிக்க ஏலாது.

முதலில் நல்ல செய்தி. தாங்கள் பார்த்த மாப்பிள்ளை டிலக்சனுக்கே எங்கள் அனுஷியாவைக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் கேட்டபடியே பிள்ளை கோல்ஃப் ஆட்டத்தையும் விட்டுவிட்டாள். அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "இதென்ன, பொம்பிளைக்கு ஒரு கை வெள்ளை, ஒரு கை கறுப்பு? ரெண்டு பேரின்ர கையோ?" என்று கேட்டாவாம். அது வியாதி இல்லை என்று விளங்கப்படுத்துங்கள். கோல்ஃப் ஆடுகிறவர்கள் இடக்கைக்கு மட்டும்தான் கையுறை போடுவார்கள். ஏழு வருடமாக அந்தக் கை வெயிலைக் காணவில்லை, அவ்வளவுதான். இனி இரண்டு கையும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

இந்த முடிவு எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் தங்களுக்கு நித்திரை வராது. நிலாவெளி ஹோட்டலில் வரவேற்பு மேசையடியில் கதிரை போட்டு ஏசிக் குளிர்காத்துக்குள் இருந்த பிள்ளை, அந்த ஹோட்டல் புல்லில் பொழுதுபோக்காகப் பந்தடிக்கப் பழகி, பிறகு கொழும்பு, நுவரெலியா, பெங்களூர் என்று ஆடப் போய், வேலையை விட்டு அதையே தொழிலாக்கினது தங்களுக்குத் தெரியும். தடியால பந்தடிக்கிறதும் ஒரு உத்தியோகமோ என்று நான் கத்தாத நாளில்லை. விடியக் கோழி கூவுமுன்னம் எங்கள் முற்றத்தில் டொக், டொக். பக்கத்து வீட்டு ஓடு உடையாமல் இருக்க என் கூட்டாளி மஹ்ரூப் தன் பழைய கரைவலையைத் தந்து, தானே கட்டியும் விட்டான். மீன் பிடித்த வலை இப்போது பந்து பிடிக்கிறது. இந்த வருடம் உங்கள் சம்பந்தக் கதை வந்ததும் பிள்ளையே ஒரு கதை வைத்தாள்.

"அப்பா, தெரிவுப் போட்டி இந்தமுறை எங்கட ஊர் மைதானத்திலதான் நடக்குது. முதல் பத்துக்குள்ள வந்தா அடுத்த வருசம் ஆசியா முழுக்கப் போய் ஆடலாம். வராட்டி நீங்கள் சொல்லுற ஆளைக் கட்டுறன். பிறகு தடியைத் தொடமாட்டன்."

"சத்தியமோ?"

"சத்தியம்."

கையில் அடித்து வாங்கினேன்.

கடைசி நாளான இன்று காலையில் அவளுக்குப் பை தூக்குகிற தர்மிகனுக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுவிட்டது. வேறு ஆளுக்கு எங்கே போவது? நான்தான் தூக்கினேன். துறைமுகத்தில் முப்பது வருடம் இழுவைப் படகு ஓட்டின எனக்கு ஒரு பை பெரிய காரியமோ? ஆனால் அக்கா, அது பையில்லை, பிணம். பதினாலு தடி, குடை, துவாய், தண்ணீர். போதாக்குறைக்கு அதுக்கு நான் ஒரு செவ்வந்தி மாலையும் போட்டிருந்தேன். மஹ்ரூப்பின் ஓட்டோ கச்சேரி றோட்டில் மெல்லப் போகையில், ஊருக்குள் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று உள்ளுக்குத் தலையை விட்டு மாலையைத் தின்றுவிட்டது. நல்ல சகுனம் என்றேன். "மானுக்கு நல்ல சகுனம்" என்றான் அவன்.

இனித்தான் விசயம். என் படகுக்கு ஒவ்வொரு வருடமும் ஆயுத பூசைக்குச் சந்தனம் வைத்தனான், ஒரு நாளும் தாழவில்லை. ஆயுதத்துக்குப் பூசை வையாமல் சண்டைக்குப் போகிறதோ? விடியச் சாமியறையில் இருந்து சந்தனம் அரைத்து, சாமிக்குக் காட்டிச் சிமிழில் அடைத்தேன். சுலோஜனா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "ஆட வேண்டாம், ஆட வேண்டாம் எண்டுற மனுசன் என்னத்துக்கு இப்பிடி அரைக்கிறியள்?" என்று கேட்டாள். தோற்கிறதென்றாலும் மரியாதையாகத் தோற்க வேண்டும் என்றேன். மைதானத்தில் பிள்ளை பழகி முடித்து முகம் கழுவப் போன நேரம், சிமிழைத் திறந்து பதினாலு தடியின் முகத்துக்கும் அப்பிவிட்டேன். பட்டும் படாமலும் இல்லை, நல்ல தாராளமாக.

அவள் முதல் அடிக்குத் தடியை உருவினதும் நடுவர் அம்மா கண்டுவிட்டா. கொழும்புத் தமிழ் அம்மா, நல்ல மரியாதையான மனுசி.

"ஐயா, இது என்னத்துக்குப் பூசினீங்க?"

அனுஷியா எனக்குக் கண்ணைக் காட்டினாள். எனக்குக் கண் விளங்கினால்தானே! நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "பந்து நேராய்ப் போறதுக்குத்தான் அம்மா!"

முடிஞ்சுது கதை. பந்து நல்லாப் போகவேணும் என்று தடியில் எதையும் பூசக்கூடாது என்பது சட்டமாம். அந்தத் தடியால் ஓர் அடி அடித்திருந்தாலே வெளியே போகவேண்டியதாம். "துடைச்சிட்டு ஆடச் சொல்லுங்க" என்றா. சாமிக்குக் காட்டின சந்தனத்தை அழுக்குத் துவாயால் துடைக்கிறதோ? நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விடமாட்டன் என்று நின்றேன். நியாயம் கதைத்தேன், அக்கா, நல்ல நியாயம். நான் கதைத்து முடிக்க ஆடத் தொடங்கும் நேரம் தாண்டிப் போய், பிள்ளைக்குத் தண்டமாக இரண்டு அடி ஏற்றிவிட்டார்கள்.

அவள் என் கையை மெல்ல விலக்கி, ஒவ்வொரு தடியாக எடுத்து, சந்தனத்தை விரலால் வழித்துத் தன் நெற்றியில் பூசினாள். "சாமிச் சந்தனம் மண்ணில விழேல்லை, அப்பா. இப்ப சந்தோசமோ?" பதினாலு தடிச் சந்தனத்துக்கு ஒரு நெற்றி காணுமோ? கன்னம், கழுத்து, மிச்சமெல்லாம் வலது புறங்கையில். அந்த நேரம் பிள்ளைக்கு இரண்டு கையும் ஒரே நிறம். மாப்பிள்ளையின் தாயார் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு அவள் ஆடின ஆட்டத்தை நான் என்னவென்று சொல்ல! பந்து கூப்பிட்ட இடத்துக்கு வந்தது. கடைசிக்கு முதல் குழி, மூன்று முழத் தூரம், எல்லாரும் மூச்சை அடக்கி நிற்க, என் சட்டைப்பையில் போன் அலறினது. பந்து குழியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே நின்றது. எடுத்துப் பார்த்தால் தாங்கள்! கையின் நிறத்துக்கு என்ன எண்ணெய் பூசுகிறாள் என்று கேட்க எடுத்தனீங்களாம்.

பதினோராவதாக வந்தாள். தவறியது ஒரே ஓர் அடியால். அது நான் ஏற்றின இரண்டில் ஒன்றோ, தாங்கள் போனில் ஏற்றினதோ என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. பிழை அந்த மானில்.

வீட்டுக்கு வந்து பையை அலுமாரிக்குப் பின்னால் தள்ளினாள். வலையைக் கழற்றி மடித்தாள். "மாமிக்கு எழுதுங்கோ அப்பா. சொன்னது சொன்னதுதான்" என்றாள். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசுகிற வேலையைத் தாய் பார்த்துக்கொண்டாள். ஆகவே அக்கா, தாமதிக்காமல் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி நாள் பாருங்கள். எனக்கு மெத்தச் சந்தோசம். சந்தோசத்தில் சாப்பாடுகூட இறங்கவில்லை.

அத்தானுக்கு எங்கள் வணக்கம், மருமக்களுக்கு ஆசீர்வாதம். காளி அம்பாள் எல்லோரையும் நோய்நொடியின்றிக் காக்க வேண்டும்.

தங்கள் சொல் தட்டாத தம்பி,
கனகசபை

பி.கு.: திங்கள் காலை. மேலே எழுதினதைக் கிழிக்க மனமில்லை, கைநோக எழுதினது. ஆனால் ஒன்றையும் நம்ப வேண்டாம். இன்றைக்கு விடிய டொக் சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தை ஏழு வருடம் ஏசின எனக்கு, அது இல்லாமல் படுக்க ஏலாமல் போய்விட்டது. எழும்பிப் போனால் பிள்ளை வெறும் முற்றத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருக்கிறாள், தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கிறது. எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது, அக்கா. அலுமாரிக்குப் பின்னால் இருந்து பையை இழுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"சத்தியம் பண்ணினனான், அப்பா."

"பண்ணினது நீ. வாங்கினது நான். வாங்கினவன் திருப்பித் தரலாம். இந்தா, பிடி."

மஹ்ரூப் வந்து வலை கட்டுகிறான். டிலக்சன் தம்பி நல்ல பிள்ளை, வேறு நல்ல இடம் பார்த்துக் கொடுங்கள். அடுத்த வருடப் போட்டிக்கும் நான்தான் பை தூக்குவேன் என்று சொல்லிவிட்டேன். "சிமிழ் கொண்டுவரப்படாது, போனும் கொண்டுவரப்படாது" என்கிறாள். ஓம் என்றேன். சந்தனத்தை வீட்டிலேயே அவளுடைய நெற்றியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போவேன். பிள்ளை நேராய்ப் போறதுக்குப் பூசினால் சட்டத்தில் குற்றம் இல்லையாம். நடுவர் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டேன்.