நான் வெளுத்த கூழைக்கடா

சாம்பல் நிறப் பறவை ஒன்றை ஒரே காலையில் வெள்ளைவெளேர் என்று வெளுத்துக் காட்டிய பெருமை எனக்கு உண்டு. சோப்பு, நீலம் எதுவும் போடவில்லை. கேமராவை வைத்தே சாதித்தேன். அதுவும் கல்யாணமாகி மூன்றே மாதத்தில், மாமியாரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக.

நான் சேலம் பக்கம், சேலைக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊர்க்காரி. அப்பாவின் சேலைக் கடைக்கு ஆன்லைன் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான். வெள்ளைச் சேலையை விரித்துப் படம் எடுத்தால் கேமரா மிரண்டுபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சேலை அழுக்கு வேட்டி மாதிரி விழும். 'படத்துல ஒண்ணு, பார்சல்ல ஒண்ணு' என்று வாங்கினவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் வெளிர் நிறம் எதுவானாலும் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, இரண்டு படி ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு என்னை நான் கேமராப் புலி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வாக்கப்பட்டது வெண்ணந்தூர் பக்கம். அத்தை உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் ஏரிக்குப் போய்ப் பறவைகளை எண்ணி, படத்தோடு சேலத்துப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். 'டீச்சர் நாப்பத்தொரு வாத்துன்னா நாப்பத்தொண்ணுதான்' என்று குழுத் தலைவரே சொல்வாராம். அந்தப் பெயரை அத்தை நகையைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். (நகையாவது லாக்கரில் கிடந்தது.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "ஏழு வருசத்துல மொத தடவையா விட்டுப்போகுது" என்று முகம் வாடிப்போனார். நான் முந்திக்கொண்டேன்.

"நான் போய் எடுத்துட்டு வாரேனுங்க அத்தை. தெனம் நூறு சேலை எடுத்தவளுக்கு நாலு பறவை எடுக்கத் தெரியாதுங்களா?" (வாய்க்கொழுப்பு என்றால் இதுதான்.)

ஏரியில் வேலமரங்களின் நிழல் விழுந்து தண்ணீர் கன்னங்கரேல் என்று கிடந்தது. நடுவில் ஒரு பெரிய கூழைக்கடா, அலகுக்கு அடியில் பை தொங்க, தன்பாட்டுக்கு மிதந்தது. பார்க்க வெள்ளை மாதிரியும் இருந்தது, அழுக்கு மாதிரியும் இருந்தது. பாவம், ஏரிச் சேறு என்று முடிவு கட்டினேன். விரல் தானாகப் போய் இரண்டு படி ஏற்றியது. வெயிலில் கேமராத் திரை இருட்டாகத் தெரிந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு படியும் ஏற்றினேன்.

வீட்டில் படத்தைப் பார்த்த அத்தை, கால் வலியை மறந்து எழுந்தே விட்டார்.

"கண்ணு, இது வெள்ளைக் கூழைக்கடா! நம்ம பக்கம் வாரதே இல்லையே! நல்லாப் பாத்தியா? சாம்பலா இல்லையே? அலகுல புள்ளி கிள்ளி?"

"ஒரு புள்ளிகூட இல்லீங்க அத்தை. சுத்த வெள்ளைங்க." (புள்ளிகளை அழித்ததே நான்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

அத்தை படத்திலிருந்து பறவையை மட்டும் வெட்டி எடுத்துக் குழுவில் போட்டார். பிற்பகல் மூன்று மணிக்குச் சேலத்திலிருந்து இரண்டு கார், நான்கு பைக். ஒவ்வொருவர் தோளிலும் பீரங்கி மாதிரி லென்ஸ். அதற்குள் நான் பன்னிரண்டு பேருக்குக் கிச்சடி செய்து மூடி வைத்திருந்தேன். அத்தையை என் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து ஏரிக்கரையில் இறக்கினார்.

தலைவர் பைனாகுலரில் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"டீச்சர், இது எப்பவும் வர்ற சாம்பல் கூழைக்கடாதானுங்களே. அலகுல புள்ளி வரிசையா இருக்குதுங்க."

அந்தப் பறவையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல எங்கள் பக்கம் திரும்பியது.

"சேறா இருக்குமுங்க" என்றேன் நான். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தலைவர் என் கேமராவை வாங்கிப் பார்த்தார். "மூணு படி ஏத்தி வெச்சிருக்கீங்களே அம்மிணி!"

நான் சேலைக் கதையைச் சொன்னேன்.

"சேலைன்னா படம் முழுக்க வெள்ளை. அங்க ஏத்தறது சரிங்க. இங்க சுத்தியும் கறுப்புத் தண்ணி. அதப் பாத்துக் கேமராவே வெளிச்சத்தக் கூட்டிக்கிச்சு. இங்க நீங்க கொறைக்கோணும். அதுக்கு மேல மூணு படி ஏத்துனா? காக்காயக்கூடக் கொக்காக்கிப் போடுவீங்க."

அத்தையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. ஏழு வருடமாக அவர் சேர்த்த பெயரை ஒரு பொத்தானை அழுத்தித் தொலைத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. இனி இந்த வீட்டில் என்னை நம்பி ஒரு டம்ளர் பால் காய்ச்சக்கூடச் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அத்தை தொண்டையைச் செருமினார். "வெட்டிப் போட்டவ நானுங்க. முழுப் படத்தையும் போட்டிருந்தா, தண்ணி மோராட்டம் வெளுத்துக் கெடக்கறதப் பாத்தே நீங்க கண்டுபுடிச்சிருப்பீங்க. தப்பு என்னோடது. சாம்பல் ஒண்ணுன்னு திருத்திக்கங்க." பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஊட்டுக்கு வாங்க. மருமக கிச்சடி செஞ்சிருக்கறா. அதுல ஒண்ணும் வெளுப்பு இல்ல."

அங்கேயே, அத்தனை பேர் முன்னால், தேம்பித் தேம்பி அழுதேன். வந்தவர்களெல்லாம் அப்போதுதான் சிரித்தார்கள். கிச்சடி மிச்சமில்லாமல் தீர்ந்தது.

எல்லோரும் போனபின் அத்தை சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கெழமையும் நீ வாரே. அந்தப் பொத்தானத் தொட்டீன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்."

இப்போது குழுவில் யாருடைய படமாவது வெளுத்துப்போனால், 'இளம்பிள்ளை வெள்ளை' என்று உடனே பத்துப் பேர் எழுதுகிறார்கள். வீட்டிலோ, நான் யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது கிளம்பும்போது பவுடர் கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டால் போதும், அத்தை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

"கொஞ்சம் தொடச்சுக்க சாமி. அப்பறம் சேலத்துலிருந்து பைனாகுலரோட ஆளு வந்துருவாங்க."